டர்பனில் மாதக்கணக்கில் தங்க வேண்டி வந்தால்: விடுதிக் கட்டணத்தைப் பேசி முடிக்கும் முறை

"ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டு நுழைகிறவருக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர விடுதிகளில் ஒரு நாள் விலைதான் கிடைக்கும். ஆறு வாரம், மூன்று மாதம் என்று தங்க வருகிறவர் கேட்க வேண்டியது, தங்கும் காலம் முழுவதற்குமான மொத்தத் தொகை. அந்தத் தொகை ஏன் விடுதிக்கும் இலாபம் என்பதை விடுதிக்காரரின் கணக்கை வைத்தே எடுத்துச் சொல்லத் தெரிந்தால், அறிவிக்கப்பட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறைந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இதை நான் முதலில் கற்றுக்கொண்டது பணத்தை இழந்த பிறகுதான். இதே மாகாணத்தின் வடபகுதியில் உள்ள நியூகாசிலில் வசிக்கும் என் அக்காவின் கணவருக்கு டர்பனில் கதிர்வீச்சுச் சிகிச்சை ஏற்பாடாகியிருந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். ஒரு வழிக்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும் பயணத்தை நாள்தோறும் செய்து வந்து போகும் நிலையில் அவர் இல்லை. டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு மாடிப்படி அவரால் ஏற முடியாதது என்பதால், மருத்துவமனைக்கு அருகில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். முதலில் ஒரு வாரம் பார்க்கலாம் என்று பதிவு செய்து, வெள்ளிக்கிழமைதோறும் இன்னொரு வாரம் என்று நீட்டித்துக்கொண்டே போனோம். ஆறு வாரத்துக்கும் நாள் விலையே செலுத்தினோம். கணக்காளரான உறவினர் ஒருவர் பிறகு அந்தப் பற்றுச்சீட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாற்பது நாளுக்கு மேல் தங்கப் போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் வரியே குறைந்திருக்குமே" என்றார். அந்த வருத்தத்தில்தான், பின்னர் சிகிச்சைக்காக வந்தவர்கள், ஒப்பந்த வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், வீடு கட்டி முடியாமல் இடைக்காலத்தில் தவித்தவர்கள் ஆகியோருக்காக இந்தப் பேச்சுவார்த்தைகளில் நான் உடன் இருந்தேன். அந்த அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன்.

எந்த இடத்தில் பேசுவது

நீண்ட நாள் தங்குவதற்கென்றே சமையலறையோடு கூடிய அறைகளைக் கட்டும் வழக்கம் அமெரிக்காவில் 1975இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் திறந்த ரெசிடென்ஸ் இன் விடுதியோடு பரவத் தொடங்கியது. டர்பனில் அந்த வகைக்கு நேர் இணையாக இருப்பவை, செல்ஃப் கேட்டரிங் என்று பலகை வைத்திருக்கும் அடுக்குமாடி விடுதிகள். கடற்கரையோரத்திலும் உம்ஷ்லாங்காவிலும் இவை நிறைய உண்டு. மஸ்கிரேவ், பெரியா, மார்னிங்சைடு பகுதிகளில் உரிமையாளரே நடத்தும் கெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன. பெரிய நிறுவனங்களின் சங்கிலி விடுதிகளிலும் நீண்ட காலக் கட்டணம் பேச முடியும் என்றாலும், சமையலறை இல்லாத அறையில் ஆறு வாரம் வெளியில் வாங்கி உண்பது, விலையில் மிச்சம் பிடித்ததை எல்லாம் தின்றுவிடும். ஆகவே என் கருத்தில், இரண்டு அடுப்பும் முழு அளவுக் குளிர்பதனப் பெட்டியும் உள்ள இடம் சற்று விலை கூடியதாக இருந்தாலும் அதுவே மலிவானது.

பேசப் போகும் முன் ஒரு எண்ணைக் கையில் வைத்திருங்கள். அதே காலத்துக்கு, அதே பகுதியில், அறைகலன்களோடு கூடிய ஒரு சிறு வீட்டை மாத வாடகைக்கு எடுத்தால் வாடகை, மின்சாரம், இணையம், வைப்புத்தொகை எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். ஏர்பிஎன்பியில் 28 இரவுக்கு மேல் தேடினால் பல இடங்கள் மாதத் தள்ளுபடியோடு தோன்றும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணுக்கு மேல் விடுதி கேட்டால் எழுந்து வந்துவிடலாம் என்ற தெளிவு உங்களுக்கு இருக்கும். அந்தத் தெளிவு இல்லாதவரால் எந்த விலையையும் மறுக்க முடியாது.

விடுதிக்காரரின் கணக்கு

தள்ளுபடி கேட்பதைப் பிச்சை கேட்பதுபோல் நினைத்து நம்மில் பலர் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. வரியை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

ஓர் அறையின் விலை இரவுக்கு 1,000 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் 18 இரவு அந்த அறை நிரம்புகிறது, 12 இரவு காலியாகக் கிடக்கிறது. வரவு 18,000 ராண்ட். வருகிறவர்கள் எல்லோரும் இணையப் பதிவுத் தளங்கள் வழியாக வந்தால், தளம் எடுக்கும் தரகு பொதுவாக 15 விழுக்காடு அல்லது அதற்கு மேல். 15 என்றே கொண்டால் 2,700 ராண்ட் போய்விடும். நாள்தோறும் அறையைத் துப்புரவு செய்து, விரிப்பும் துவாலையும் மாற்றி, சோப்பு வைத்து, காலை உணவு கொடுக்க இரவுக்கு 150 ராண்ட் என்றால் இன்னொரு 2,700. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இரவுக்கு 40 என்று 720. கையில் மிஞ்சுவது 11,880 ராண்ட்.

இப்போது நீங்கள் போய், 30 இரவுக்கும் சேர்த்து 16,000 ராண்ட் தருகிறேன், காலை உணவு வேண்டாம், துப்புரவு வாரத்துக்கு ஒரு முறை போதும் என்று சொல்கிறீர்கள். நேரடியாக வந்ததால் தரகு இல்லை. நான்கு முறை துப்புரவுக்கு 600, மின்சாரமும் தண்ணீரும் முழு மாதத்துக்கு 1,200. விடுதிக்கு மிஞ்சுவது 14,200 ராண்ட், அதாவது முன்னதைவிட 2,320 ராண்ட் கூடுதல். உங்களுக்கோ இரவுக்கு 533 ராண்ட்தான் ஆகிறது. அறிவித்த விலையில் ஏறக்குறையப் பாதி.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின் பேரில்தான் நிற்கிறது. அந்த 12 இரவுகள் உண்மையிலேயே காலியாகக் கிடந்திருக்க வேண்டும். எல்லா அறையும் நிரம்பும் வாரங்களில் மேலாளர் உங்களுக்காக ஒரு ராண்ட்கூட இறங்க வேண்டியதில்லை, இறங்கவும் மாட்டார். ஆகவே விலை பேசுவதில் பாதி வேலை காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரங்கள் வரை ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக் குடும்பங்கள் கடற்கரையை நிரப்பிவிடும். ஈஸ்டர் விடுமுறையிலும் குளிர்காலப் பள்ளி விடுமுறையிலும் அப்படியே. மே மாதத்தில் மாநாட்டு மையத்தில் நடக்கும் ஆப்பிரிக்கச் சுற்றுலா இன்டாபா என்ற வணிகக் கண்காட்சி, ஜூனில் காம்ரேட்ஸ் மராத்தான், ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் நடக்கும் குதிரைப் பந்தயம் ஆகியவற்றை ஒட்டிய நாள்களில் விலை ஏறும். ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஈஸ்டருக்கு முன்பு வரையிலான வாரங்களே பேசுவதற்கு ஏற்றவை என்பது என் அனுபவம். கடற்கரை விடுதிகள் வார நடுவில் காலியாக இருக்கும். உம்ஷ்லாங்கா ரிட்ஜ் போன்ற அலுவலகப் பகுதி விடுதிகள் வார இறுதியில் காலியாக இருக்கும். எந்த நாள்களில் அவர்களுக்கு ஆள் இல்லையோ அந்த நாள்களையும் சேர்த்து நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள் என்பதைச் சொல்லிக் காட்டுங்கள்.

சிகிச்சைக்கு வருகிறவர்களால் காலத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவர்கள் தங்கும் காலத்தின் நடுவில் இத்தகைய நெரிசல் வாரம் வந்தால், அந்த வாரத்துக்கு மட்டும் சற்றுக் கூடுதலாகத் தர ஒப்புக்கொள்வதோ, அந்த நாள்களில் கடல் தெரியாத உள்பக்க அறைக்கு மாற ஒப்புக்கொள்வதோ நல்லது. அந்த நாள்களில் விடுதியை விட்டே வெளியேறி, பிறகு திரும்பி வருவதற்கு மட்டும் இணங்காதீர்கள். அதற்குக் காரணம் அடுத்து வருகிறது.

28 நாள் என்ற எல்லை

தென்னாப்பிரிக்காவில் வாட் எனப்படும் மதிப்புக்கூட்டு வரி 2018 ஏப்ரல் முதல் 15 விழுக்காடாக இருக்கிறது. விடுதிக் கட்டணத்துக்கும் அது உண்டு. ஆனால் ஒருவர் இடைவெளி இல்லாமல் 28 நாளுக்கு மேல் தங்கினால், எல்லாம் உள்ளடங்கிய கட்டணத்தில் 60 விழுக்காட்டின் மீது மட்டுமே இந்த வரியைக் கணக்கிட வேண்டும் என்று வாட் சட்டம் சொல்கிறது. 15 விழுக்காட்டில் 60 விழுக்காடு என்பது 9 விழுக்காடு. வரி நீங்கலாக இரவுக்கு 600 ராண்ட் என்று முடிவானால், நாள் விருந்தினர் 690 செலுத்துவார். 28 நாளைத் தாண்டித் தங்குகிறவர் 654 செலுத்துவார். இரவுக்கு 36 ராண்ட் சிறு தொகையாகத் தோன்றலாம். 42 இரவுக்கு அது 1,512 ராண்ட். எங்கள் குடும்பத்துக்கு அது அக்காவின் பத்து நாள் உணவுச் செலவாக இருந்திருக்கும்.

இந்தச் சலுகை விடுதிக்காரரின் பையிலிருந்து வருவதன்று. ஆகவே அதைக் கேட்பதில் அவருக்கும் மனத்தாங்கல் இருக்காது. ஆயினும் கேட்காமல் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். வரவேற்பு மேசையில் இருப்பவர்களில் பலருக்கு இந்த விதி தெரியாது. கணினியும் வழக்கமான 15 விழுக்காட்டையே போடும். விடுதியின் கணக்காளரிடம் பேச வேண்டும். அதைவிட முக்கியமாக, விலையைப் பேசும்போதே "வரி நீங்கலாக எவ்வளவு?" என்று கேட்டுப் பேசுங்கள். வரியும் சேர்த்து 690 என்று முடித்துவிட்டால், 28 நாளைத் தாண்டித் தங்குவதால் குறையும் வரி உங்களுக்கு வந்து சேராமல் விடுதியின் இலாபமாகிவிடும். பிறகு வாதாடுவது கடினம்.

இதிலிருந்து சில நடைமுறைகள் பிறக்கின்றன. வாரவாரம் நீட்டிக்காமல், தங்கப்போகும் முழுக் காலத்தையும் ஒரே பதிவாக, ஒரே பெயரில், வந்த நாள் முதல் புறப்படும் நாள் வரை எழுதச் சொல்லுங்கள். சரியாக 28 நாள் என்று முடிக்காமல், எல்லையைத் தாண்டி வையுங்கள். வார இறுதியில் ஊருக்குப் போய் வருவதாக இருந்தாலும் அறையை ஒப்படைக்காமல் போய் வாருங்கள். இரண்டு இரவின் வாடகையை மிச்சப்படுத்தப்போய்த் தொடர்ச்சியை அறுத்துக்கொள்ள வேண்டாம். துப்புரவு, மின்சாரம், இணையம் ஆகியவற்றைத் தனித்தனி இனங்களாகப் போடாமல் ஒரே கட்டணத்துக்குள் அடக்கச் சொல்லுங்கள். தனியாக விலையிடப்படுபவற்றுக்கு முழு 15 விழுக்காடு விழும். சிறிய கெஸ்ட் ஹவுஸ்கள் வாட் பதிவே இல்லாமல் இருக்கலாம். அங்கே வரியே இல்லை என்பதால் இந்தப் பேச்சும் இல்லை, ஆனால் வரி என்று எதையும் அவர்கள் வசூலிக்கவும் கூடாது. பற்றுச்சீட்டில் வாட் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில விடுதிகள் சுற்றுலாக் கட்டணம் என்று 1 விழுக்காடு சேர்ப்பதுண்டு. நாட்டின் சுற்றுலா விளம்பரத்துக்காகத் திரட்டப்படும் அந்தத் தொகையில் சேர்வது விடுதிகளின் விருப்பம். அது அரசு வரியன்று. மருத்துவத்துக்காகவோ வேலைக்காகவோ மாதக்கணக்கில் தங்குகிறவர் அதை நீக்கித் தருமாறு பணிவாகக் கேட்கலாம்.

யாரிடம், எப்படிக் கேட்பது

சங்கிலி விடுதிகளின் மையத் தொலைபேசி எண்ணில் பேசுகிறவருக்கு விலையை மாற்றும் அதிகாரம் இல்லை. இரவுப் பணியில் இருக்கும் இளைஞருக்கும் இல்லை. அவர்களிடம் வாதிட்டு இருவருடைய பொறுமையையும் வீணாக்க வேண்டாம். பெரிய விடுதியில் விற்பனை மேலாளரின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். சிறிய இடத்தில் உரிமையாளரையே பாருங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை பதினொன்றுக்கு மேல், அதாவது புறப்படுகிறவர்களின் நெரிசல் ஓய்ந்து, புதிதாக வருகிறவர்கள் வரத் தொடங்காத நேரத்தில், நேரில் போவதே சிறந்தது. முதலில் ஒரு கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போனால், மேலாளர் தம் பதிவேட்டைப் பார்த்து வைத்திருப்பார்.

கடிதத்தில் உருக்கம் வேண்டாம், விவரம் வேண்டும். ஒரு குடும்பத்துக்காக நான் எழுதிக் கொடுத்ததன் சாரம் இது: "நாங்கள் இருவர், பிப்ரவரி 2 முதல் மார்ச் 16 வரை 42 இரவுகள் தொடர்ச்சியாகத் தங்க விரும்புகிறோம். காலை உணவு வேண்டியதில்லை. துப்புரவும் விரிப்பு மாற்றமும் வாரம் ஒரு முறை போதும். கடல் பார்த்த அறை தேவையில்லை. மின்தூக்கிக்கு அருகில் இருந்தால் நல்லது. நேரடியாகப் பதிவு செய்கிறோம்; ஒவ்வொரு வாரத்துக்கும் முன்கூட்டியே பணம் செலுத்துவோம். வரி நீங்கலாக இரவுக்கு 500 ராண்ட், மொத்தம் 21,000 ராண்ட் என்று முன்வைக்கிறோம். தங்கும் காலம் 28 நாளைத் தாண்டுவதால் வாட் வரியை அதற்குரிய முறையில் கணக்கிட்டு, முழுத் தொகையையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்." அந்தக் கணக்குப்படி வரி 1,890 ராண்ட், மொத்தம் 22,890.

முதல் எண்ணை யார் சொல்வது என்பதில் பலருக்குப் பல கருத்து உண்டு. விடுதிக்காரர் சொல்லட்டும் என்று காத்திருந்தால், அவர் பழக்கத்தில் பத்து விழுக்காடு குறைப்பதாகச் சொல்வார். பிறகு பேச்சு முழுவதும் அந்தப் பத்தைச் சுற்றியே நடக்கும். ஆகவே கணக்கோடு போகிறவர் தம் எண்ணை முதலில் சொல்வதே நல்லது என்று நான் கருதுகிறேன். சொல்லிவிட்டு அவர் யோசிக்க நேரம் கொடுங்கள். மௌனம் நீண்டால் பதறி நீங்களே விலையை ஏற்றிவிடாதீர்கள். "இதைவிட முடியாது" என்று அவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டால், விலையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்: வாகன நிறுத்தக் கட்டணம், துணி துவைக்கும் இயந்திரத்தின் பயன்பாடு, வேகமான இணையம், பெரிய குளிர்பதனப் பெட்டி. பணம் குறைக்க அதிகாரம் இல்லாத மேலாளருக்கும் இவற்றைக் கொடுக்க அதிகாரம் இருக்கும். வேறு விடுதியில் குறைவாகச் சொன்னார்கள் என்பதை, உண்மையில் எழுத்தில் வாங்கியிருந்தால் மட்டும் சொல்லுங்கள். இந்த ஊரில் மேலாளர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். பொய் ஒரு தொலைபேசி அழைப்பில் வெளிப்பட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு இரவு நாள் விலையில் தங்கிப் பாருங்கள். அந்த இரண்டு இரவையும் நீண்ட காலக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் அழுத்தம் எப்படி, வெந்நீர் வருகிறதா, வெள்ளி இரவு தெருவில் எவ்வளவு சத்தம் என்பவற்றைப் படத்தைப் பார்த்து அறிய முடியாது. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் அறைகளுக்கும் ஓடுமா, அல்லது மின்தூக்கிக்கும் வரவேற்பறைக்கும் மட்டும்தானா என்று கேளுங்கள். தண்ணீர் சேமித்து வைக்கும் ஜோஜோ தொட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர்ச்சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அந்தப் பகுதி மக்கள் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீரின்றித் தவித்ததை நாம் மறக்கவில்லை.

சமையலும் விருந்தினரும்

நம் குடும்பங்களில் சச்சரவு எழுவது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான். தாளிக்கும் புகைக்கு அறையின் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். மசாலா மணம் நடைபாதைக்கு வந்தது என்று பக்கத்து அறையினர் புகார் செய்வார்கள். புறப்படும் நாளில் சிறப்புத் துப்புரவுக் கட்டணம் என்று ஒரு தொகை வைப்புப்பணத்திலிருந்து பிடிக்கப்படும். இதை மறைத்து வைக்க வேண்டியதில்லை. நாள்தோறும் சமைப்போம், எங்கள் சமையலில் தாளிப்பு உண்டு, ஆகவே சன்னல் திறக்கும் அறையோ புகைப்போக்கி விசிறி உள்ள அறையோ வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். முடியாது என்கிற இடத்தில் தங்காமல் இருப்பதே நல்லது. காய்கறிகளைச் சனிக்கிழமை காலையில் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் சந்தையில் வாரத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டால், காலை உணவை விட்டுக்கொடுத்துக் குறைத்த வாடகை உண்மையான மிச்சமாக நிற்கும்.

ஒருவர் நோயுற்றிருந்தால் பெரியம்மா, மாமா, கோயில் உறவுகள் என்று பத்துப் பேர் வந்து பார்ப்பது நம் வழக்கம்; அது நோயாளிக்கு மருந்தைப் போன்றது. விடுதிக்கோ அது பதிவு செய்யாத பத்து விருந்தினர். பகலில் எத்தனை பேர் வரலாம், எத்தனை மணி வரை இருக்கலாம், அவர்கள் வாகனம் எங்கே நிற்கும், உதவிக்கு ஒருவர் ஓரிரவு தங்கினால் கூடுதல் எவ்வளவு என்பவற்றை முதல் நாளிலேயே பேசி முடியுங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

உரிமையாளர் நம்மவராக, கோயிலில் பார்த்துப் பழகிய அண்ணனாகவே இருக்கலாம். அவரிடம் எழுத்தில் கேட்பது அவமரியாதை என்று தோன்றும். அப்படித் தோன்றியதால் பின்னர் மனம் கசந்து பேச்சு நின்றுபோன இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். உறவு நிலைக்க வேண்டுமானால் எழுத்து இருக்கட்டும். ஒரு பக்க மின்னஞ்சலே போதும்.

அதில் நாள்கள், வரி நீங்கலான கட்டணம், வரி, மொத்தம், எவை உள்ளடங்கியவை என்பன இருக்க வேண்டும். தங்கும் காலம் முடியும் வரை கட்டணம் ஏறாது என்ற வாக்கியம் தனியாக வேண்டும். மாநகராட்சி ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் மின்சார, தண்ணீர்க் கட்டணங்களை மாற்றுவதால், அதைக் காட்டி இடையில் விலையை ஏற்றும் வழக்கம் உண்டு. அதே கட்டணத்தில் இன்னும் இரண்டு வாரம் நீட்டிக்கும் உரிமையையும் கேட்டு வாங்குங்கள். கதிர்வீச்சு இயந்திரம் பழுதானாலோ நோயாளியின் உடல்நிலை தளர்ந்தாலோ ஆறு வாரம் எட்டு வாரமாகும். அப்போது புதிதாகப் பேரம் பேசும் மனநிலை யாருக்கும் இருக்காது.

முன்னதாகப் புறப்பட நேர்ந்தால் என்ன என்பதே அதிக கவனம் வேண்டிய பகுதி. தங்கிய எல்லா இரவுகளுக்கும் நாள் விலையைத் திரும்பக் கணக்கிடுவோம் என்ற விதியைப் பல விடுதிகள் வைக்கின்றன. அதற்குப் பதிலாக, ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் மீதி நாள்களுக்குக் கட்டணம் இல்லை என்றோ, குறைந்தது இரண்டு வாரம் தங்கியிருந்தால் வார விலைக்கு மட்டும் மாற்றப்படும் என்றோ எழுதச் சொல்லுங்கள். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, முன்பதிவை நீக்கும் உரிமையை நமக்குத் தருகிறது. விடுதி நியாயமான அளவு நீக்கக் கட்டணம் பெறலாம். யாருக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ, அதனால் வர முடியாமற்போன பதிவுக்கு நீக்கக் கட்டணம் எதுவும் பெறக்கூடாது என்றும் அப்பிரிவு சொல்கிறது. ஆகவே சிகிச்சைக்காகத் தங்கும்போது பணம் கட்டுகிறவரின் பெயரை மட்டும் கொடுக்காமல், நோயாளியின் பெயரையும் பதிவில் சேர்த்துக் கொடுங்கள்.

பணத்தை மாதம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்டினால் இன்னும் குறைப்போம் என்பார்கள். அறியாத இடத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் முன்பணம் தர வேண்டாம் என்பதே என் அறிவுரை. பாதியில் பிரச்சினை எழுந்தால் கொடுத்துவிட்ட பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். வங்கிக் கணக்கு விடுதியின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று நடுவில் மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அழைத்து உறுதி செய்த பிறகே பணம் அனுப்புங்கள். இந்த வகை ஏமாற்று நம் நாட்டில் மிகுதி.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள், விடுதியின் கடிதத்தாளில் தங்கும் முகவரியையும் காலத்தையும் உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். வங்கிக் கணக்கு திறக்கவும் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கவும் தங்குமிடச் சான்று தேவைப்படும்.

நுழையும் நாளில் அறையின் ஒவ்வொரு சுவரையும், விரிப்பில் உள்ள கறையையும், பாத்திரங்களின் எண்ணிக்கையையும் கைப்பேசியில் படமெடுத்து அன்றே மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு பற்றுச்சீட்டின் நகலைக் கேட்டு, 28 நாள் வரிக்கணக்கு சரியாக இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். தவறு இருந்தால் கணக்காளர் திருத்த அந்த ஒரு வாரம் போதும். புறப்படும் காலையில் அறையைப் பார்வையிட்டவரின் கையொப்பத்தையும், வைப்புத்தொகை எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்குக்கு வரும் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.